டாங்க்கில் என்ன ஊற்றுவது? கரி வாயுவிலிருந்து ஈ20 வரை

கலசப்பாக்கத்தில் எங்கள் மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் முதலில் மூக்கைத்தான் நீட்டினார். "இன்னா சார், பெட்ரோல் வாசனை இப்படி அடிக்குது, இத்தினி நாளா சும்மாவா ஓட்டினு இருந்தீங்க?" என்றார். எனக்கு வாசனை தெரியாமல் இல்லை. பங்க்கில் ஊற்றும்போது சிந்தியிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு வாரம் ஓட்டியிருந்தேன். அவர் ஃப்யூயல் ஹோஸை விரலால் நசுக்கிக் காட்டினார். ரப்பர் ஒரு இடத்தில் ஊறிப் பருத்திருந்தது, கிளிப் பக்கத்தில் மெல்லிய வெடிப்பு. "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் பண்ற வேலை" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

என் கார் 2008 மாடல். டிஎன் 25 நம்பர். ரப்பர் ஹோஸுக்கும் அதே வயசு. பதினேழு வருஷம் எஞ்சின் சூட்டில் கிடந்த ரப்பர் எத்தனால் இல்லாவிட்டாலும் வெடித்திருக்கலாம். அதனால் அவர் தீர்ப்பை அப்படியே ஏற்கவும் மனசில்லை, தள்ளவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் மைலேஜ் நோட்டை எடுத்துப் பார்த்தேன். (ஒவ்வொரு தடவை டாங்க் நிரப்பும்போதும் கிலோமீட்டர் குறித்துவைக்கும் பழக்கம் பெரியப்பாவிடமிருந்து வந்தது. வீட்டில் இதற்காக வாங்கிய கிண்டல் தனிக் கணக்கு.) 2019-ல் லிட்டருக்குச் சராசரி 15 கிலோமீட்டர். 2025-ல் 14.2. வண்டிக்கு வயசாகிவிட்டது என்பதும் இதில் சேர்த்திதான்.

கணக்கு என்னவோ எளிது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதை 20 சதவீதம் கலந்தால் மொத்தத்தில் ஆறு ஏழு சதவீதம் குறையும். இதை நானாகச் சொல்லவில்லை. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கையிலேயே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று இருக்கிறது. 10 சதவீதக் கலப்பை நாடு 2022 ஜூனில் எட்டியது. 20 சதவீதம் முதலில் 2030-க்கு என்று இருந்து, பிறகு 2025-க்கு முன்னால் இழுக்கப்பட்டது. 2023 ஏப்ரலிலிருந்து வந்த புது வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் இதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முன்னால் வாங்கியவர்கள்தான் நானும், ஒருவேளை நீங்களும்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. காரை வைத்திருப்பவன் அதன் நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறான், கம்பெனியைத் தேர்ந்தெடுக்கிறான், இன்சூரன்ஸைத் தேர்ந்தெடுக்கிறான். டாங்க்கில் போவதை யார் தேர்ந்தெடுத்தார்கள்? தேடிப் பார்த்தால் எண்பது வருஷத்தில் நம் பக்கத்தில் அது குறைந்தது ஐந்து தடவை மாறியிருக்கிறது.

முதல் மாற்றம் போரில் வந்தது. இந்தியாவுக்கு வந்த பெட்ரோலில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. நாட்டுக்குள் எண்ணெய் என்றால் அஸ்ஸாமின் டிக்பாய் மாதிரிச் சில இடங்கள்தான். 1941-லேயே பெட்ரோல் ரேஷன் வந்துவிட்டது, கூப்பன் இல்லாமல் ஊற்ற முடியாது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனை நெருங்கியபோது, அவர்கள் கையில் சிக்கக்கூடாது என்று சிரியம் சுத்திகரிப்பு ஆலையை பிரிட்டிஷாரே கொளுத்தினார்கள். அதன் புகை அடங்குவதற்குள் இங்கே பஸ்களும் கார்களும் நிற்க ஆரம்பித்தன. ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்து, சென்னையே காலியாகி ஜனங்கள் உள்மாவட்டங்களுக்கு ஓடிவந்த நேரம் அது. வண்டி அதிகம் தேவைப்பட்ட நேரத்தில் எண்ணெய் இல்லை.

அப்போது வந்ததுதான் கரி வாயு. வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை. அதில் அடுப்புக்கரி போட்டு, காற்றைக் கொஞ்சமாக விட்டு எரிய வைப்பார்கள். முழுதாக எரியாத கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதைக் குழாய் வழியாக இறக்கி, குளிரவைத்து, தூசி வடிகட்டி, எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோல் ஆவிக்குப் பதிலாக எரியும். மதுரை டி.வி. சுந்தரம் அய்யங்கார் நிறுவனம் தன் பஸ்களுக்காக இப்படி ஒரு கருவியை வடிவமைத்து, டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற பெயரில் மற்றவர்களுக்கும் செய்து கொடுத்தது. சும்மா நிற்கும் வண்டியை ஓடவைத்ததே பெரிய விஷயம்தான். ஆனால் ஓட்டியவன் பாடு? காலையில் வண்டி எடுக்கணும்னா முதலில் கரியைப் பற்றவைத்து, கையால் சுற்றும் ஊதுலையைப் பத்துப் பதினைந்து நிமிஷம் சுற்றணும். எஞ்சினின் சக்தி மூன்றில் ஒரு பங்காவது போய்விடும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளணும். சாயங்காலம் சாம்பலையும் கட்டிதட்டிய கசடையும் சுரண்டணும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கசிந்த வாயு பக்கத்தில் தூங்கினவன் எழுந்திருக்கவே மாட்டான்.

தாத்தா இந்தக் கரி பஸ்ஸில் திருவண்ணாமலைக்குப் போன கதையை அடிக்கடி சொல்வார். டிக்கெட்டும் வாங்கி, வண்டியும் தள்ளி, சட்டையும் கறுத்துப்போனது என்று முடிப்பார். அதே காலத்தில் கார் என்பதற்கு எங்கள் பக்கத்தில் 'பிளசர்' என்று பெயர். லாரி, பஸ்ஸிலிருந்து பிரித்துச் சொல்ல இங்கிலீஷ்காரன் வைத்த 'பிளஷர் கார்' என்பதுதான் அப்படி ஆனது. பின்னால் கரி உலையைக் கட்டிக்கொண்டு போன வண்டியையும் பிளசர் என்றே கூப்பிட்டிருப்பார்கள்.

இரண்டாவது சங்கதி பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். எத்தனால் கலப்பு நேற்று வந்ததில்லை. சுதந்திரம் வந்த அடுத்த வருஷமே, 1948-ல், இந்திய பவர் ஆல்கஹால் சட்டம் நிறைவேறியது. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸைக் காய்ச்சி எடுத்த சாராயத்தைப் பெட்ரோலில் கலந்துதான் விற்கணும் என்று உத்தரவு போட அரசுக்கு அதிகாரம் கொடுத்த சட்டம். போர்க்காலத்தில் மைசூர் சமஸ்தானத்தில் மாண்டியாவிலும், ஹைதராபாத் பக்கம் போதனிலும் பவர் ஆல்கஹால் தயாரான அனுபவம் அதற்குப் பின்னால் இருந்தது. பிறகு மலிவான வளைகுடா எண்ணெய் வந்தது, உள்ளூரில் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன, மொலாசஸுக்கு வேறு கிராக்கியும் வந்தது. சட்டம் புத்தகத்தில் தூங்கி, 2000-ல் ரத்தானது. வேடிக்கை என்னவென்றால், ரத்தான சில வருஷங்களிலேயே 5 சதவீதக் கலப்பு என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

போளூர் போகும் ரோட்டில் கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நகர்ந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கரும்பில் ஒரு பகுதி என்றாவது ஒருநாள் என் டாங்க்குக்கு வரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது எத்தனாலில் பெரும்பகுதி கரும்பிலிருந்துகூட இல்லை, மக்காச்சோளம், அரிசியிலிருந்து வருகிறது. கோழித் தீவனம் விலை ஏறும்போது பண்ணைக்காரர்கள் பெட்ரோல் பங்க்கைப் பார்த்து முறைப்பது இதனால்தான்.

மூன்றாவது மாற்றம் எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெரியப்பாவிடம் செகண்ட்ஹேண்ட் அம்பாசடர் ஒன்று இருந்தது. பெட்ரோல் வண்டி. 1489 சிசி எஞ்சின், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த வம்சம். லிட்டருக்கு எட்டு, தப்பினால் ஒன்பது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் 3 டாலரிலிருந்து 12 டாலர் பக்கம் போனது. இங்கே காரை வைத்திருந்த பலர் கொட்டகையில் நிறுத்திச் சாக்கு போட்டு மூடினார்கள். வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் கம்பெனி நம் ஊரிலேயே கார் செய்துகொண்டிருந்தது. அவர்களுடைய ஹெரால்டுக்குப் பின்னால் வந்த கேசல் அந்தக் காலத்தில்தான் தடுமாறி, 1977-ல் நின்றது. பெரியப்பா நிறுத்தவில்லை. காரணம், அந்த வண்டி எங்களுக்கு மட்டும் கார் இல்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு, பிரசவத்துக்கு வேலூர், பர்வதமலை அடிவாரத்துக்கு வரும் சொந்தக்காரர்கள், ரதசப்தமிக்கு அண்ணாமலையார் தீர்த்தவாரிக்குச் செய்யாற்றுக்கு வரும் நாளில் கூட்டத்துக்குள் மாட்டிய கிழவிகள், எல்லோருக்கும் அதுதான். ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவு தட்டினால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

1979, 80-ல் அஸ்ஸாம் போராட்டத்தில் எண்ணெய் வரத்து தடைபட்டு டீசலும் மண்ணெண்ணெயும் தட்டுப்பட்டது. அந்தச் சமயத்திலும் அதற்குப் பிறகும் பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலப்பது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. விலை வித்தியாசம் அப்படி. ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் கலந்ததே இதைப் பிடிக்கத்தான். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலில் எஞ்சின் இடிக்கும், புகை கக்கும், பிளக் கரி பிடிக்கும். பெரியப்பா இதற்காகவே சட்டைப் பையில் ஒரு வெள்ளைத் தாள் வைத்திருப்பார். ஒரு சொட்டு விட்டு ஊதுவார். சுத்தமான பெட்ரோல் கறை விடாமல் பறந்துவிடும், மண்ணெண்ணெய் எண்ணெய்க் கறையாக நிற்கும். இன்றைக்கும் எந்த பங்க்கிலும் ஃபில்டர் பேப்பர் கேட்டால் கொடுத்தாக வேண்டும், அடர்த்தி சோதனையும் 5 லிட்டர் அளவுச் சோதனையும் செய்து காட்ட வேண்டும். ஆனா கேட்கிறவன் யாரு? பின்னாடி ஹார்ன் அடிப்பானே.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1980 வாக்கில் டீசல் அம்பாசடரை விற்க ஆரம்பித்தது. இந்தியாவில் தயாரான முதல் டீசல் கார் அதுதான். அதே 1489 சிசி, சக்தி வெறும் 37 குதிரை. மேட்டில் சைக்கிள்காரன் திரும்பிப் பார்ப்பான். புதுசு வாங்கப் பணமில்லாதவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள்: பழைய பெட்ரோல் அம்பாசடரில் மெட்டடோர் வேனின் டீசல் எஞ்சினை இறக்குவது. எண்பதுகளின் நடுவில் பெரியப்பாவும் செய்தார். மூன்று வாரம் பட்டறையில் கிடந்தது வண்டி. எஞ்சின் கனம் அதிகம் என்பதால் முன்பக்கம் தொங்கியது, டார்ஷன் பாரை முறுக்கி உயர்த்தினார்கள். எஞ்சின் நம்பரையும் எரிபொருளையும் ஆர்.சி. புக்கில் மாற்றி எழுத ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைந்தார். குளிர்காலக் காலையில் ஹீட்டர் போட்டுக் காத்திருந்து ஸ்டார்ட் செய்தால் தெருவே எழுந்துகொள்ளும். உள்ளே பேச முடியாது, கண்ணாடி எல்லாம் நடுங்கும். பெரியம்மாவுக்குக் கடைசிவரை அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. "கார்ல போறமா, நெல்லு மிஷின்ல போறமா?" என்பார். ஆனால் லிட்டருக்குப் பதின்மூன்று கிடைத்தது, லிட்டர் விலையும் குறைவு. அதனால்தான் ராத்திரிக் கதவு தட்டலுக்கு "பெட்ரோல் போட்டு வா" என்று சொல்லாமல் எழுந்து போக அவரால் முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. விலையைத் தீர்மானித்தது அரசு. டீசல் உழவனுக்கும் லாரிக்கும் என்று மலிவாக வைக்கப்பட்டது, அதில் கார்க்காரன் நுழைந்தான். அது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன், பெரியப்பா மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு போனது, வித்தியாசம் சுருங்கியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபோது மாருதி டீசல் கார்களையே விட்டுவிட்டது. அம்பாசடரின் உற்பத்தி அதற்கு முன்பே, 2014 மே மாதம், நின்றிருந்தது.

நான்காவது, ஈயம். எஞ்சின் இடிக்காமல் இருக்கப் பெட்ரோலில் பல பத்தாண்டுகளாக ஈயச் சேர்மம் கலந்தார்கள். அது குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிறது என்று தெரிந்த பிறகும் நிறுத்த மனசு வரவில்லை. இந்தியாவில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது, அங்கே விற்கும் புதுக் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. நாடு முழுக்க ஈயம் நின்றது 2000 பிப்ரவரி 1-ல். இடைப்பட்ட ஐந்து வருஷம் விசித்திரமானது. சென்னையில் வாங்கிய புதுக் காருக்கு ஈயமில்லாததைத்தான் ஊற்றணும், ஊற்றாவிட்டால் கன்வெர்ட்டர் பாழ். உள்ளூர்களில் அது கிடைக்காது. அந்தக் காருடன் ஊருக்கு வந்தவர்கள் டிக்கியில் கேனோடு வந்தார்கள். பழைய வண்டிக்காரர்களுக்கு நேர்மாறான கவலை. ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடத்துக்கு ஒரு மெத்தைபோல இருந்தது. அது போனால் வால்வு சீட் தேயும். பட்டறைகளில் கடினமான சீட் அடித்துக்கொண்டவர்கள் உண்டு.

இதே காலத்தில் இன்னொன்றும் ஓடியது, கேஸ். வீட்டுச் சிலிண்டரை மாருதி ஆம்னியில் வைத்து ஓட்டுவது தமிழ்நாடு முழுக்க நடந்தது. பள்ளிக்கூட வேன்களில்கூட. சட்டவிரோதம், அதைவிட முக்கியமாக ஆபத்து. பிள்ளைகள் காலடியில் சமையல் சிலிண்டர். 2000, 2001-ல் சட்டம் திருத்தி, தனி டாங்க், தனி கிட் என்று முறைப்படுத்தினார்கள். வேறு எந்த மாற்றத்தைப் பற்றியும் எனக்கு இரண்டு கருத்து உண்டு. இதைப் பற்றி ஒன்றே ஒன்றுதான்: ஒரு நாள்கூட நடந்திருக்கக்கூடாது.

இப்போது ஐந்தாவது மாற்றத்துக்கு, என் ஹோஸுக்குத் திரும்பலாம்.

பழைய மாற்றங்களோடு ஈ20-ஐ வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரியும் வித்தியாசம் இதுதான். 1942-ல்கூட கூப்பன் பெட்ரோலா, கரியா என்று ஒருவன் கணக்குப் போட முடிந்தது. பெரியப்பா பட்டறைக்குப் போனது அவர் முடிவு. ஈயம் போனபோது ஐந்து வருஷம் இரண்டு வகையும் கிடைத்தன. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 10 சதவீதக் கலப்பு வந்தபோது பழைய வண்டிகளுக்காக 5 சதவீதத்தைக் கொஞ்சம் கூடுதல் விலையில் பக்கத்துப் பம்பிலேயே வைத்தார்கள். பிரேசில் 1975-ல் ஆரம்பித்து, 2003-ல் எந்த விகிதத்தையும் ஏற்கும் ஃப்ளெக்ஸ் கார்கள் வந்த பிறகு தேர்வை ஓட்டுகிறவன் கையில் விட்டது. இங்கே 10-லிருந்து 20-க்கு மூன்று வருஷம், எங்கள் ஊர் பங்க்கில் பழைய வண்டிக்கென்று இன்னொரு பம்ப் இல்லை. பழைய வகையும் வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் தள்ளுபடி செய்தது.

அந்நியச் செலாவணி மிச்சம், விவசாயிக்கு வருமானம் என்ற வாதங்களை நான் சும்மா தள்ளவில்லை. 1942-ஐப் படித்த எவனும் இறக்குமதி எண்ணெயை மட்டும் நம்பு என்று சொல்ல மாட்டான். ஆறு சதவீதம் மைலேஜ் குறைவதை ஏற்கிறேன், அந்த ஆறு சதவீதத்துக்கு விலையும் குறைந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

பெரியப்பாவின் வெள்ளைத் தாள் இதற்கு உதவாது, எத்தனாலும் கறை விடாமல் பறந்துவிடும். வேறு வழி இருக்கிறது, நானே செய்து பார்த்தேன். நூறு மில்லி அளவுக் கண்ணாடிக் குழாயில் 50 மில்லி தண்ணீர், மேலே 50 மில்லி பெட்ரோல். மூடி, குலுக்கி, பத்து நிமிஷம் வைத்தால் எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். கீழே உள்ள தண்ணீர் அடுக்கு 60-க்கு ஏறினால் 20 சதவீதம் என்று அர்த்தம். எனக்கு 60-ஐ ஒட்டி நின்றது. (வெளியே, நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். அடுப்பங்கரையில் செய்து திட்டு வாங்காதீர்கள்.) இதே குணம்தான் மழைக்காலத்தில் அதிக நாள் நிறுத்திவைக்கும் வண்டிக்குச் சங்கடம். காற்றின் ஈரத்தை எத்தனால் இழுக்கும், நீர் அதிகமானால் இரண்டும் சேர்ந்து டாங்க்கின் அடியில் தனியாக இறங்கிவிடும். எப்போதாவது எடுக்கும் வண்டியில் பாதி டாங்க்கோடு மாசக்கணக்கில் விடாதீர்கள் என்று மெக்கானிக் சொல்வது சரிதான்.

விற்கலாமா என்றும் யோசித்தேன். 2023-ல் ஆர்.சி. பதினைந்து வருஷம் முடிந்து, புதுப்பித்து ஐந்து வருஷம் வாங்கியிருந்தேன். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000. பசுமை வரி தனி. 2028-ல் மறுபடி போனால் இருபது வருஷம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் அறிவித்தபடி 10,000. வாங்க வந்தவர் சொன்ன விலையைக் கேட்டதும் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஃப்யூயல் ஹோஸ் முழுக்க, இன்ஜெக்டர் ஓ-ரிங்குகள், டாங்க் மூடியின் வாஷர், ஃபில்டர், எல்லாம் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றச் சொன்னேன். பழைய ஹோஸைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பெரியம்மா அதை மேசையில் பார்த்துவிட்டு இது என்னப்பா என்றார். சொன்னேன். "உங்க பெரியப்பா ஒரு எஞ்சினையே தூக்கிப் போட்டாரு, நீ ஒரு ரப்பருக்கு இவ்ளோ எழுதறியா?" என்று கேட்டுவிட்டு, தை மாதம் தீர்த்தவாரிக்கு ஆற்றங்கரை வரைக்கும் வண்டி வருமா என்று மட்டும் உறுதி செய்துகொண்டார். வரும் என்றேன்.